புதன்கிழமை கார் ஜன்னல் கண்ணாடி மாற்ற ஆள் வருகிறார்: அணக்கரையில் வைத்துக்கொள்வதா, கம்பத்திலா?

ஏலத்தோட்டம்_கம்பம் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். வீடு கம்பத்தில், தோட்டம் மலைக்கு மேலே, கேரளப் பக்கம் அணக்கரையில். இரண்டு ஏக்கர் ஏலக்காய்தான். காய் எடுப்பு தொடங்கிவிட்டதால் வாரத்தில் நான்கு நாள் மேலேயே தங்குகிறேன். 2017 செலேரியோ வைத்திருக்கிறேன், தேனி ரெஜிஸ்ட்ரேஷன்.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்துத் தோட்டத்தில் மிஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் கார் ரோட்டோரம் நின்றது. புளியங்கொட்டை அளவு கல் ஒன்று தெறித்து வந்து இடது முன் கதவுக் கண்ணாடியில் பட்டது. விரிசல்கூட விடவில்லை, மொத்தமும் ஒரே நொடியில் கொட்டிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சீட் முழுக்கக் கற்கண்டைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. மிஷின் பிடித்த பையன் முகம் வெளுத்து நின்றான். நாள் கூலிக்கு வந்தவன், அவனிடம் காசு கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அது அம்மா உட்காரும் சீட். முட்டி வலியால் அவரால் பின் சீட்டில் ஏறி இறங்க முடியாது. இரண்டு வாரம் முன்புதான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை தேனியில் செக்கப் இருக்கிறது. ஜன்னல் இல்லாமல் இந்த ஆடிக் காற்றில், அதுவும் கண்ணாடித் துகள் கிடக்கும் காரில் அவரை ஏற்ற முடியாது.

தேனியில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். வீட்டுக்கே வந்து மாற்றித் தருவார்களாம். கண்ணாடியும் கூலியும் சேர்த்து 2,900 ரூபாய், மலைக்கு மேலே வர 400 கூடுதல். புதன் காலை 10 மணி என்று பேசியாகிவிட்டது. எந்த இடம் என்று மட்டும் நாளைக்குள் சொல்ல வேண்டும்.

அணக்கரையில் விடாமல் மழை. கம்பத்தில் மழை குறைவு, ஆனால் மண்ணை வாரி அடிக்கிற காற்று, எங்கள் வீட்டுக்குக் கார் ஷெட்டும் கிடையாது. எங்கே வைத்துக்கொள்வது நல்லது? அவர் வருவதற்கு முன் நான் என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்? இன்சூரன்ஸில் போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குமுளி_ஜீப் (ஞாயிறு, இரவு 10.15)

அக்கா, ஓப்பன் ஜன்னலோடு குமுளி மலையில் இறங்காதீர்கள். கவர் ஒட்டினால் லோயர் கேம்ப் போவதற்குள் காற்று பிய்த்துவிடும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் வெள்ளைச் சாக்கும் வேண்டாம், கறுப்புக் கவரும் வேண்டாம். இடது பக்க சைடு மிரரை அந்த ஜன்னல் வழியாகத்தானே பார்க்க வேண்டும்? வளைவில் பஸ் வரும்போது அது தெரியவில்லை என்றால் ஆபத்து. மறுபக்கம் தெரிகிற பாலிதீன் போடுங்கள்.

உங்கள் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறதா? முன்னால் தகரக் கூரை இருக்குமே, அதுக்குக் கீழே நிறுத்தி மேலேயே முடித்துவிடுங்கள். 400 ரூபாய் பார்க்காதீர்கள்.

கண்ணாடிவேலை_14வருடம் (திங்கள், காலை 6.50)

அக்கா, நான் இதே வேலைதான் செய்கிறேன், திண்டுக்கல் பக்கம். வீடு வீடாகப் போய்த்தான் மாட்டுகிறேன். காலையில் நேரம் இருக்கிறது, விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இனிமேல் அந்தக் கதவின் பவர் விண்டோ ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். டிரைவர் பக்க ஸ்விட்சிலும் தொட வேண்டாம். கண்ணாடி உடைந்தால் பாதிதான் சீட்டில் விழும், மீதிப் பாதி கதவு வயிற்றுக்குள் இறங்கிவிடும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மிஷினின் கம்பியிலும் உருளையிலும் துண்டுகள் மாட்டியிருக்கும். அந்த நிலையில் மோட்டாரை ஓட்டினால் கம்பி அறுந்து, கண்ணாடியோடு மிஷினையும் மாற்ற வேண்டிய செலவு வந்து நிற்கும்.

கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். காய்ந்த ஏலக்காயைத் தட்டில் போட்டு ஆட்டினால் வருமே, அந்தச் சத்தம் கேட்கும். அத்தனையும் உள்ளே கிடக்கும் கண்ணாடி. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் உண்டு. துகள் போய் அதை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கும், அப்புறம் துரு. உங்கள் ஊர் மழைக்கு இது முக்கியம். வருகிறவரிடம் "டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டை) கழற்றி, உள்ளே வாக்யூம் போட்டுத் துளையைக் குத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும்" என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். நல்ல ஆளாக இருந்தால் அவரே செய்வார், ஆனாலும் சொல்லி வைப்பது நல்லது.

இடம் விஷயத்தில் குமுளித் தம்பி சொன்னதுதான் சரி. இந்த வேலைக்கு வெயிலும் பரவாயில்லை, வெட்டவெளியும் பரவாயில்லை. மழையும் தூசிக் காற்றும்தான் ஆகாது. கதவைப் பிரித்து வைத்திருக்கும்போது வயர் கனெக்டர், ஸ்பீக்கர், உள்ளே ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட் எல்லாம் வெளியே தெரியும். அந்த ஷீட்டை ஈரத்தோடு திரும்ப ஒட்டினால் பிடிக்காது, அடுத்த மழைக்குத் தண்ணீர் காருக்குள் கால்மிதி வரைக்கும் வந்துவிடும். தூசி விழுந்தாலும் அதே கதை. மேலே கூரை, கீழே சமதளம், இடது கதவை முழுசாகத் திறந்து ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார இடம். இவ்வளவும் ஸ்டோர் முன்னால் இருந்தால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் நிறுத்தினால் கதவு தானாக ஆடும், கண்ணாடியை நேராக உட்கார வைப்பது சிரமம்.

மலைக்கு மேலே வைப்பதில் ஒரே ஒரு பயம்தான். தப்பான கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் அன்றைய நாள் போச்சு. அதனால் ஆர்.சி. புத்தகம், அதில் இருக்கும் சேசிஸ் நம்பர் இரண்டையும் போட்டோ எடுத்து இன்றைக்கே கடைக்கு அனுப்புங்கள். என்ன மாடல், எந்த மாதம் எந்த வருடம், இடது பக்கம் முன் கதவு, இதைத் தெளிவாக எழுதுங்கள். "கண்டக்டர் சைட்" என்று வாயால் மட்டும் சொல்லி விடாதீர்கள். கூடவே வலது முன் கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கம்பெனிப் பெயர், ஐ.எஸ்.ஐ. குறி எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடிக்கு லேசான பச்சைச் சாயல் இருக்கிறதா என்பதை ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். சாயல் மாறினால் தூரத்திலிருந்தே தெரியும்.

உங்களுக்கு உடைந்தது டெம்பர்ட் கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர வைத்துச் செய்வது. அதனால்தான் கத்தி மாதிரி நீளத் துண்டாக உடையாமல் கல்கண்டாகக் கொட்டியது. முன் கண்ணாடி வேறு, இரண்டு தகடுக்கு நடுவில் ஒரு ஷீட் வைத்தது, விரிசல் விட்டாலும் அப்படியே நிற்கும். சைடு கண்ணாடிக்கு ஒட்டு, பேட்ச் எதுவும் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

கிளவ்பாக்ஸ், டோர் பாக்கெட், சீட்டுக்கு அடியில் இருப்பதை எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். சீட் மேல் கிடப்பதைக் கையால் கூட்ட வேண்டாம். தடித்த கையுறை போட்டுப் பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்குங்கள், மீதியை அவர் வாக்யூமில் எடுக்கட்டும். ஸ்டோரில் கரன்ட் பாயின்ட் ஒன்றைக் காலியாக வையுங்கள். அதுவரைக்கும் மழை மறைக்க, பாலிதீனைக் கதவுச் சட்டத்துக்கு மேலே விட்டு உள்பக்கம் மடித்துக் கதவைச் சாத்துங்கள். கதவே அதைக் கவ்விக்கொள்ளும். பெயின்ட் மேல் செலோடேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது கறை நிற்கும்.

பாலிசி_பெரியவர் (திங்கள், காலை 11.30)

அம்மா, இன்சூரன்ஸ் சர்வேயில் முப்பது வருடம் இருந்தவன் நான். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கண்ணாடிக்குத் தேய்மானம் என்று கிளைம் பணத்தில் பிடிக்க மாட்டார்கள். ரப்பர் பீடிங் மாற்றினால் அதற்கு 50 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் 1500 சி.சி.க்குள் இருக்கும் காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். உங்கள் 2,900-ல் அதைக் கழித்தால் வருவது 1,900. அதற்காக நோ கிளைம் போனஸை, அதாவது கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, இழக்கலாமா என்பதுதான் கணக்கு. முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி ஐந்து வருடத்தில் 50-க்கு வரும். ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி) போனஸ் இல்லாமல் 4,500 என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதத்தில் இருப்பவருக்கு ஒரே வருடத்தில் 2,250 போய்விடும். அடுத்த வருடங்களிலும் படிப்படியாகத்தான் திரும்பி வரும்.

பாலிசியில் போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் கதை வேறு, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிளைம் போடுவதாக இருந்தால் கண்ணாடி மாற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். எதுவானாலும் இப்போதே நான்கு பக்கமும், உடைந்த கதவையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்தோட்டம்_கம்பம் (திங்கள், இரவு 8.20)

பெரியவருக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. பாலிசியைப் பார்த்தேன், என் போனஸ் 45 சதவீதத்தில் இருக்கிறது, ஆட்-ஆன் இல்லை. கைக்காசிலேயே மாற்றிக்கொள்கிறேன்.

ஸ்டோர் முன்னால் களம் இருக்கிறது, மேலே தகரம், கீழே சிமென்ட். அங்கேதான் என்று சொல்லிவிட்டேன். போட்டோ எல்லாம் அனுப்பியாகிவிட்டது. ஒரு சந்தேகம், உடைந்த கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது, பழைய ஓனர் ஒட்டியது. புதுசுக்கும் ஒட்டச் சொல்லவா?

கண்ணாடிவேலை_14வருடம் (திங்கள், இரவு 9.05)

அன்றைக்கே எந்த ஃபிலிமும் வேண்டாம் அக்கா. சைடு கண்ணாடியில் 50 சதவீத வெளிச்சமாவது உள்ளே போக வேண்டும், முன்னும் பின்னும் 70. கறுப்பு ஃபிலிம் அதற்குள் வராது. நீங்கள் அடிக்கடி செக்போஸ்ட் தாண்டுகிறவர், இரண்டு மாநிலத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மற்ற மூன்று ஜன்னலில் இருப்பதையும் உரித்துவிடுவது நல்லது.

மாட்டி முடித்ததும் அவர் கிளம்புவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள், நடுவில் திக்கக் கூடாது. கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரக் கூடாது. அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, உள்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். உங்களுடையது பசை போட்டு ஒட்டும் கண்ணாடி இல்லை, போல்ட்டில் நிற்பது, அதனால் காயக் காத்திருக்க வேண்டியதில்லை.

அம்மா உட்காரும் சீட் என்றீர்களே. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, துகள் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஏலத்தோட்டம்_கம்பம் (புதன், இரவு 7.45)

வேலை முடிந்தது. 10 மணிக்கு வருகிறேன் என்றவர் மழையால் 11.15-க்கு வந்தார். அவர் போன் அணக்கரை வந்ததும் சிக்னல் இழந்துவிட்டது. நல்லவேளை நேற்றே பஸ் ஸ்டாப்பிலிருந்து வழியை எழுதி அனுப்பியிருந்தேன், இல்லாவிட்டால் அலைந்திருப்பார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. கண்ணாடியை மாட்டுவது கடைசி இருபது நிமிடம்தான், மற்றதெல்லாம் சுத்தம் செய்வது. டோர் பேடைக் கழற்றியதும் பார்த்தேன், கதவின் அடியில் ஒரு படி அளவு கண்ணாடி கிடந்தது. வடிகால் துளை இரண்டு அடைபட்டுத் தண்ணீர் கட்டி நின்றது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஐந்து நாள் மழை அத்தனையும் அங்கேதான் போயிருக்கிறது. கம்பியைக் குத்தியதும் கலங்கலாக வடிந்தது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

பெல்ட்டை இழுத்துப் பார்த்தோம். பக்கிள் மாட்டும் வாய்க்குள் ஒரு துண்டும், உள்ளே சுருண்டிருந்த பட்டையில் அரிசி அளவில் இரண்டும் இருந்தன. அந்தப் பட்டை அம்மாவின் கழுத்தோரம்தான் வரும். அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வாளித் தண்ணீர் ஊற்றினோம், உள்ளே ஒரு சொட்டு இல்லை. புல் வெட்டிய பையன் மதியம் தானாகவே வந்தான், களத்தைக் கூட்டித் தள்ளிவிட்டு, அள்ளிய கண்ணாடியை யாரும் மிதிக்காத இடத்தில் குழி தோண்டிப் போடவா என்று கேட்டான். வேண்டாம், தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். இதை எங்கே கொடுப்பது?

கண்ணாடிவேலை_14வருடம் (புதன், இரவு 8.30)

நல்ல செய்தி அக்கா. சாக்கை அந்தக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை தேனிக்குத்தானே போகிறீர்கள். இரட்டைச் சாக்காகக் கட்டி டிக்கியில் வையுங்கள்.

சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் தண்டவாளத்தில் கிரீஸ் இருக்கும், அதில் ஒட்டியவை வாக்யூமில் வராது. நாளை பகலில் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, பழைய டூத்பிரஷ்ஷால் வழித்து எடுங்கள். அம்மா ஏறுவதற்கு முன் சீட் மேல் ஒரு பருத்திப் போர்வை விரித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே உதறுங்கள்.