33 நிமிடத்துக்குப் பெயர் ஆல்பமா? லிங்கின் பார்க் ரசிகர்கள் பதில் சொல்லலாம்

கல்லுக்கட்டிக் கலகம்:
நேற்று இங்கே ஒருவர், "2024 நவம்பர் 15 வரட்டும், அமெரிக்க ராக் குழு லிங்கின் பார்க்கின் புது ஆல்பம் 'ஃப்ரம் ஜீரோ' பழைய ஆல்பம் அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எதை வைத்துச் சாப்பிடும் என்றுதான் கேட்கிறேன். மொத்தம் 11 டிராக். இதுவரை விட்ட மூன்று பாட்டில் ஒன்று மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, மற்ற இரண்டும் மூன்றைத் தொடவே இல்லை. எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 33 நிமிடம். 2017 ஆல்பத்துக்குப் பிறகு ஏழு வருடம் காத்துக் கிடந்தவனுக்கு 33 நிமிடம். காரைக்குடியில் பஸ் ஏறி ஹெட்போனை மாட்டினால் தேவகோட்டை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கோட்டையூர் பேஸ்:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். சரி, இவர்களுடைய முதல் ஆல்பம் 'ஹைப்ரிட் தியரி' எத்தனை நிமிடம்? 12 பாட்டு, 38 நிமிடம்கூட முழுசாக இல்லை. 'மீட்டியோரா' 37ஐத் தொடாது. மறைந்த பாடகர் செஸ்டர் கடைசியாகப் பாடிய அந்த 2017 ஆல்பம் 35 சொச்சம். இவர்கள் என்றைக்கு உங்களுக்கு ஒரு மணி நேரம் பாடினார்கள்?

கல்லுக்கட்டிக் கலகம்:
38 வேறு, 33 வேறு. ஐந்து நிமிடம் என்றால் இவர்கள் கணக்கில் ஒன்றரைப் பாட்டு. யாரிடமும் கடன் கேட்கவில்லை, ஒன்றரைப் பாட்டு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

கோட்டையூர் பேஸ்:
2010இல் 48 நிமிடத்துக்கு ஒரு ஆல்பம் போட்டார்களே, அப்போது "ஒரே இழுவை, பாதியில் தூங்கிவிட்டேன்" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது யார்? அன்றைக்கு நீளம் கசந்தது, இன்றைக்கு இனிக்கிறதா?

கல்லுக்கட்டிக் கலகம்:
அது வேறு விஷயம்.

கண்டனூர்க் காந்தள்:
ஆல்பம் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே. பிரிட்டன் தரவரிசையில் நான்கு பாட்டுக்கு மேல் இருந்தாலோ 25 நிமிடத்தைத் தாண்டினாலோ ஆல்பம் என்றே கணக்கு. அந்த அளவில் இது ஆல்பம்தான். அந்தக் காலத்து எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம்தான் நன்றாகப் பதியும், அதனால் நாற்பது நிமிடம் என்பதே தட்டு போட்ட எல்லை. இப்போது தட்டே இல்லை, அலைபேசியில் 30 விநாடி ஓடினாலே ஒரு தடவை கேட்டதாக ஸ்பாட்டிஃபையில் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. அப்புறம் எவன் ஆறு நிமிடத்துக்குப் பாட்டு போடுவான்?

கல்லுக்கட்டிக் கலகம்:
பிரிட்டனில் 25 என்றால் பிரிட்டன்காரன் கேட்டுக்கொள்ளட்டும் அக்கா. எனக்கு 33 பத்தாது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் தூசு தட்டி எடுத்த எல்பி தட்டெல்லாம் என்னிடமும் இருக்கிறது, எனக்கே தட்டுப் பாடம் வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆல்பத்தை விடுங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு 33 நிமிடத்தில் போகும் அந்த பஸ் எது? நானும் வருடக்கணக்காகப் போய் வருகிறேன். ரஸ்தாவில் நிற்கும், அமராவதிபுதூரில் நிற்கும், கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். முக்கால் மணிக்குக் குறைந்து நான் இறங்கியதே இல்லை.

கல்லுக்கட்டிக் கலகம்:
நீங்கள் டவுன் பஸ்ஸில் போயிருப்பீர்கள். ராமேஸ்வரம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். நான் சொன்னது அந்த பஸ்ஸை.

தேவகோட்டை ரஸ்தா:
அந்த பஸ்ஸில் தேவகோட்டைக்காரனை ஏற்றவே மாட்டார்கள், ஏற்றினாலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அதில் எங்கே ஹெட்போன் மாட்டுவது?

பள்ளத்தூர் டிரம்ஸ்:
நிமிடக் கணக்குப் பார்க்கிற யாரும் டிரம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய டிரம்மர் ராப் போர்டன் திரும்பி வரவில்லை. அவர் இடத்தில் காலின் பிரிட்டன். பிராட் டெல்சன் ஆல்பத்தில் வாசிக்கிறார், ஆனால் மேடைக்கு வரமாட்டார், அங்கே கிட்டாருக்கு வேறு ஆள். ஆக, மேடையில் பழைய முகம் ஷினோடா, ஹான், ஃபீனிக்ஸ், மூன்றே பேர். 33 நிமிடமோ 63 நிமிடமோ, அந்த அடி வருமா?

கண்டனூர்க் காந்தள்:
எமிலி ஆம்ஸ்ட்ராங் என்று ஒருவர் அங்கே பாடுகிறார், அவரை உங்கள் மூன்று பேர் கணக்குக்குப் பக்கத்தில்கூட வைக்க மாட்டீர்களா? செப்டம்பர் 5 நேரலையைப் பார்த்தேன். செஸ்டர் மாதிரி பாடிக் காட்ட அவர் முயலவே இல்லை, தன் தொண்டையில்தான் கத்தினார், அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பெண் வந்து நின்றதும் இங்கே பாதிப் பேருக்கு திடீரென்று டிரம்ஸ் மீதும் நிமிடத்தின் மீதும் அக்கறை வந்துவிட்டது. தற்செயல்தான், நம்புகிறேன்.

கல்லுக்கட்டிக் கலகம்:
அக்கா, அவர் குரலில் நான் குறையே சொல்லவில்லை. நல்ல குரல் என்பதால்தான் வயிறு எரிகிறது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு 33 நிமிடம்தானா என்கிறேன்.

அரியக்குடி 1890:
நடுவில் வருகிறேன். எங்கள் ஊர் ராமானுஜ ஐயங்கார் போட்டுக் கொடுத்த கச்சேரி முறைதான் இன்று வரை சபாக்களில் ஓடுகிறது. ஒரே ராகத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் இழுக்காமல், வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, சின்னச் சின்னதாகப் பல உருப்படிகளை அடுக்கி, கேட்கிறவன் கொட்டாவி விடுவதற்குள் அடுத்ததைப் பிடித்தார். சுருக்கமாகப் பாடுவதைக் காரைக்குடிக்காரர்கள் குறை சொன்னால் அவருக்கே அடுக்காது.

கல்லுக்கட்டிக் கலகம்:
அவர் கச்சேரி 33 நிமிடத்திலா முடிந்தது?

அரியக்குடி 1890:
நான் பாட்டின் நீளத்தைச் சொன்னேன், கச்சேரியின் நீளத்தை அல்ல.

கல்லுக்கட்டிக் கலகம்:
நான் ஆல்பத்தின் நீளத்தைச் சொல்கிறேன், பாட்டின் நீளத்தை அல்ல. சின்னச் சின்னதாகவே இருக்கட்டும், இருபது கொடுக்கட்டும். வர்ணம் முடிந்த கையோடு மங்களம் பாடினால் நீங்கள் சபாவில் உட்கார்ந்திருப்பீர்களா, கேண்டீனுக்குப் போவீர்களா? ராக் பேசும் இடத்தில் ராமானுஜ ஐயங்காரை இழுத்தது நீங்கள், அதனால் கேட்கிறேன்.

கோட்டையூர் பேஸ்:
ராக்கிலேயே பேசலாம் வாருங்கள். மெட்டல் குழு ஸ்லேயர் 1986இல் போட்ட 'ரெயின் இன் பிளட்' 29 நிமிடம். அதை ஆல்பம் இல்லை என்று எந்த மெட்டல் ரசிகனிடமாவது சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வாருங்கள்.

கல்லுக்கட்டிக் கலகம்:
ஸ்லேயர் வேகம் வேறு. அந்த வேகத்தில் 29 நிமிடம் கேட்டால் மற்றவர்களை ஒரு மணி நேரம் கேட்ட மாதிரி.

கோட்டையூர் பேஸ்:
அப்படியென்றால் நிமிடம் முக்கியமில்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

கல்லுக்கட்டிக் கலகம்:
எங்கே ஒத்துக்கொண்டேன்? ஸ்லேயரைப் பற்றிச் சொன்னேன். லிங்கின் பார்க்குக்கு 33 பத்தாது. எத்தனை தடவை எழுதுவது.

தேவகோட்டை ரஸ்தா:
பஸ் விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

கண்டனூர்க் காந்தள்:
எனக்கு ஆல்பத்தை விடச் சுற்றுப்பயணம்தான் கவலை. செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், ஹாம்பர்க், லண்டன், சியோல். நவம்பரில் பொகோட்டா. சியோல் வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். பெங்களூர் என்று ஒரு வரி போட்டால்கூட ராத்திரி பஸ் ஏறிவிடுவேன்.

பள்ளத்தூர் டிரம்ஸ்:
வந்தால் மட்டும்? 2011இல் மெட்டாலிகா குழு வந்தபோது குர்கானில் என்ன ஆனது? கச்சேரி நடக்கவில்லை, கூட்டம் மேடையை அடித்து நொறுக்கியது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் நல்லபடியாக நடந்தது என்பதால் நமக்குப் பேச ஒரு கதை இருக்கிறது. நான் அங்கே இருந்தேன், அவர்கள் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கை நேரில் பார்த்தவன் நான்.

கோட்டையூர் பேஸ்:
பார்த்துமா டிரம்ஸில் உங்கள் டபுள் பெடல் அடி இன்னும் அப்படி இருக்கிறது?

பள்ளத்தூர் டிரம்ஸ்:
தம்பி, கல்லூரிக் கலைவிழாவில் மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டார் சத்தமே வரவில்லையே, அது ஏன் என்று நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வைக்காதீர்கள்.

கோட்டையூர் பேஸ்:
கேபிள் கோளாறு. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பள்ளத்தூர் டிரம்ஸ்:
கேபிளை மாட்டாமலே வாசித்தால் அதற்குப் பெயர் கேபிள் கோளாறா?

கல்லுக்கட்டிக் கலகம்:
உங்கள் கலைவிழாவை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பயணம் என்றீர்களே, அதற்கும் இதே கணக்குதான். 33 நிமிடச் சரக்கை வைத்து மேடையில் இரண்டு மணி நேரம் எப்படி ஓட்டுவார்கள்? மீதிக்குப் பழைய பாட்டு. பழைய பாட்டுக்குத்தான் டிக்கெட் என்றால் புது ஆல்பம் எதற்கு?

கண்டனூர்க் காந்தள்:
இவ்வளவு பேசுகிறீர்களே அண்ணே, ஆல்பத்துக்கு முன்பதிவு செய்துவிட்டீர்களா இல்லையா?

கல்லுக்கட்டிக் கலகம்:
அது என் சொந்த விஷயம்.

கோட்டையூர் பேஸ்:
தட்டா, சிடியா?

கல்லுக்கட்டிக் கலகம்:
சொந்த விஷயம் என்றேன்.

அரியக்குடி 1890:
இரண்டும்தான் போலிருக்கிறது.

பள்ளத்தூர் டிரம்ஸ்:
கோட்டையூர்த் தம்பி பேச்சை மாற்ற வேண்டாம். அந்த கேபிள் இப்போது யாரிடம் இருக்கிறது? அது என்னுடையது.