"நோயாளி நன்றாகத் தூங்கினார்"

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன். 2019 ஆடி மாதம். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருவோம் என்று அண்ணன் காரில் ஏற்றினான். பெரியம்மா வீட்டுக்குத் திரும்பும் வளைவை வண்டி தாண்டியபோதே புரிந்துவிட்டது. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன், உண்மைதான். வைத்தியம் தேவைப்பட்டதையும் மறுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா" என்று கூப்பிட்டிருந்தால் நானே வண்டியில் ஏறியிருப்பேன்.

தனியார் மனநல மருத்துவமனை. ஊர் பெயர் வேண்டாம். கையெழுத்து அண்ணன் போட்டான். இரண்டாம் நாள் இரவு, வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும் என்றேன். நாளைக்கு என்றார்கள். மறுபடி கேட்டேன், சத்தம் போட்டுத்தான் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் வந்து கையையும் காலையும் கட்டிலோடு கட்டினார்கள். காயத்துக்குச் சுற்றும் துணி, அதை முறுக்கி. அப்புறம் ஊசி. விடியும்போது நாக்கு தடித்துப்போயிருந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொன்னது அவர்களுக்குப் புரியவில்லையா, புரிந்தும் வரவில்லையா, தெரியாது. படுக்கையிலேயே போனேன். காலையில் ஆயாம்மா வந்து துடைத்துவிட்டு, மணிக்கட்டில் தேங்காயெண்ணெய் தேய்த்தார். "எதிர்த்துப் பேசாதம்மா, சீக்கிரம் விட்டுருவாங்க." அடுத்த பதினெட்டு நாளும் எதிர்த்துப் பேசாமலே இருந்தேன்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன், அண்ணியிடம் சொன்னேன், அந்த டாக்டரிடமும் சொன்னேன். "அந்த நேரத்துல உங்களுக்கு நிறைய தோணியிருக்கும்" என்றார். மணிக்கட்டில் தழும்பு இருந்தது. அதுவும் தோன்றியதுதான் போல.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. என்னைக் கட்டியபோது அதற்கு ஒரு வயது தாண்டிவிட்டது, எனக்குத்தான் தெரியாது. நம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை அதில் 25ஆம் பிரிவு. மூன்று கடிதம், ஐந்து மாதம், கடைசியில் 31 பக்கம் ஜெராக்ஸ். அந்த இரவின் தேதியைத் தேடிப் பிடித்தேன். "நோயாளி நன்றாகத் தூங்கினார்." கட்டியதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

இந்தச் சட்டப்படி நோயாளிகளின் புகாரை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அக்கா, எங்கள் சித்தப்பா ஏர்வாடியில் இருந்தார். மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கொண்டுவரும் தர்கா இருக்கும் ஊர். 1998இல் தாத்தா கொண்டுபோய் விட்டார். தாத்தாவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வைத்தியத்துக்கே வயல் போயிருந்தது. அங்கே கனவில் உத்தரவு வந்தால்தான் கிளம்பலாம் என்பார்கள். அதுவரை ஒரு தனியார் காப்பகம், கீற்றுக் கொட்டகை, காலில் சங்கிலி. பார்க்கப் போனபோது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா கணுக்காலில் உரசாமல் இருக்கச் சங்கிலிக்குச் சாக்குத் துணி சுற்றி வைத்திருந்தார். இவ்வளவு யோசிக்கத் தெரிந்தவரை எதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அதே ஊரில் வேறொரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற காப்பகங்களையும் மூடினார்கள், சித்தப்பா வீட்டுக்கு வந்தார். இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிறார். கதவைச் சாத்தினால் மட்டும் தூங்க மாட்டார்.

*

எல்லா டாக்டரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் மனைவிக்குக் கரண்ட் (ஷாக் ட்ரீட்மென்ட்) வைத்தார்கள். முதலில் விளக்கிச் சொல்லி, அவளிடமே கையெழுத்து வாங்கி, மயக்க மருந்து கொடுத்து. அதில்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

*

ஒரே தட்டில் வைக்கவில்லை சார். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கரண்ட் வைப்பதைத்தான் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. சங்கிலிக்கும் அதே பிரிவில் தடை. உங்கள் மனைவியிடம் கேட்டார்கள் பாருங்கள், என்னிடம் அதைத்தான் யாரும் செய்யவில்லை.

*

இதைப் படித்து இரண்டு நாள் ஆகிறது. நான் நர்ஸாக இருந்தேன். உங்கள் மருத்துவமனை இல்லை, வேறு. ஆனால் அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன் அக்கா, பல தடவை.

நைட் டூட்டியில் 38 பேருக்கு நானும் ஒரு அட்டெண்டரும். ஒருவர் கத்தினால் வார்டே எழுந்துவிடும். கட்டிவிடுவோம். டாக்டருக்குப் போன் போட்டால், "ஊசி போடுங்க, காலையில பாக்கலாம்." ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் அவிழ்த்துவிட்டு, துணி அழுந்திய இடத்தில் தேங்காயெண்ணெய் தேய்ப்போம். தடம் சீக்கிரம் மங்கும். பிறகு நோட்டில் எழுதுவோம், நன்றாகத் தூங்கினார் என்று.

97ஆம் பிரிவைப் பிற்பாடு படித்தேன். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம், மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்று தனியாகவே போட்டிருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு ராத்திரி நின்று பார்த்தவர் யாரோ எழுதியது போல இருந்தது.

ஒரே ஒரு தடவை உள்ளதை எழுதினேன். இரவு 11.20 முதல் காலை 5.40 வரை கட்டப்பட்டிருந்தார் என்று. மேட்ரன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வேலையை விட்டது அதற்கு நாலு மாதம் கழித்துத்தான்.

*

தேங்காயெண்ணெய்.

ஆயாம்மா பாசத்தில் தேய்த்தார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, பாசமும் இருந்திருக்கும்.

நீங்கள் எழுதியதை என் மனுவோடு சேர்க்கலாமா?

*

சேருங்கள் அக்கா. பெயர் போடுவதற்கு மட்டும் ஒரு வாரம் கொடுங்கள். வீட்டில் பேச வேண்டும்.