கதவு திறக்கும்போதெல்லாம் கார்டு ரீடர் அணைந்து மீண்டும் துவங்குகிறது: வயரிங்கில் என்ன கோளாறு?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலக வாசலில் லேன் கேபிளில் இணையும் கார்டு ரீடரும், 280 கிலோ தாங்கும் 12 வோல்ட் மேக்னடிக் லாக்கும் (மின்காந்தப் பூட்டு) பொருத்தியிருக்கிறார்கள். லாக்கை இயக்கும் ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ரீடருக்குள்ளேயே உள்ளது. சர்வர் அறையில் இருக்கும் ஒரே அடாப்டரிலிருந்து 30 மீட்டர் தூரத்துக்கு, கேட் 5ஈ வகை நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடிக் கம்பி வழியாகவே இரண்டுக்கும் மின்சாரம் வருகிறது. கார்டைக் காட்டியதும் கதவு திறக்கிறது. ஆனால் அதே கணத்தில் ரீடர் அணைந்து மீண்டும் துவங்குவதால், யார் நுழைந்தார் என்ற பதிவு சர்வருக்குப் போய்ச் சேருவதில்லை. ரீடரை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
ரீடரைச் சந்தேகிக்கும் முன் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். அந்தக் கம்பி 24 கேஜ் அளவுள்ள மெல்லிய கம்பி. போக வர 60 மீட்டருக்கு ஏறத்தாழ 5 ஓம் மின்தடை இருக்கும். இத்தகைய லாக் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ரீடரும் சேர்ந்தால் வழியிலேயே சுமார் 3 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே தள்ளாடும் ரீடரின் மீது, ரிலே லாக்கைத் துண்டிக்கும் கணத்தில் அதன் காயிலிலிருந்து (கம்பிச்சுருள்) எழும் எதிர் மின்னழுத்தமும் பாய்கிறது. லாக்கின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), வெள்ளைக் கோடுள்ள பக்கம் பிளஸ்ஸில் இருக்கும்படி, போடுங்கள். லாக்கிலேயே இதற்கான பாதுகாப்பு இருந்தால் டயோடு தேவையில்லை. போட்டால் கதவு விடுபடுவது சற்றுத் தாமதமாகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பூட்டிய நிலையில் லாக்கின் முனையில் 9.2 வோல்ட்தான் காட்டுகிறது.

மறுமொழி 2:
அப்படியென்றால் லாக்கின் பிடியும் குறைந்திருக்கும். லாக்குக்குத் தனி பவர் சப்ளையை, 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியோடு, கதவுக்கு அருகே உட்புறத்தில் வையுங்கள். உங்கள் ரீடர் பிஓஇ (லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் முறை) ஏற்கக்கூடியதென்றால் அதை நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்தே இயக்குங்கள்; 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் கருவிக்கு 12.95 வாட் வரை கிடைக்கும், ரீடருக்கு அது தாராளம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ரிலே வெளிச்சுவரில் இருப்பதுதான். இந்த வகை லாக் மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும் என்பதால், ரீடரைக் கழற்றி லாக்குக்குப் போகும் கம்பியைத் துண்டித்தாலே எவரும் உள்ளே வந்துவிடலாம். ரிலேயை, கதவைத் திறக்க முடிவு செய்யும் உட்புறக் கன்ட்ரோலருக்கு மாற்றி, வெளியே கார்டைப் படிக்கும் பகுதியை மட்டும் விடுங்கள். இரண்டுக்கும் இடையே ஓஎஸ்டிபி (ரீடரும் கன்ட்ரோலரும் தகவல் பரிமாறும் நெறிமுறை) இணைப்பு இருந்தால், பாதுகாப்பான சேனலை இயக்கிக் கார்டு எண்ணை மறைகுறியாக்கியே அனுப்பலாம். பழைய வகை இணைப்பான வீகண்ட் கம்பிகளில் அந்த வசதி கிடையாது.

மறுமொழி 3:
மேலே சொன்னவை அனைத்தும் சரி. உள்ளிருந்து வெளியேற அழுத்தும் எக்ஸிட் பட்டனைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் சேர்க்கிறேன். அதைக் கன்ட்ரோலரில் இணைப்பது வழக்கம்தான். ஆனால் தீ விபத்தில் கன்ட்ரோலர் செயலிழந்து நின்றால் அந்தப் பட்டனால் பயனில்லை. ஆகவே, கண்ணாடியை அழுத்தியதும் லாக்கின் பிளஸ் கம்பியை நேரடியாகத் துண்டிக்கும் அவசர ஸ்விட்ச் ஒன்றைக் கதவின் உட்புறத்தில் கட்டாயம் வையுங்கள். கட்டடத்தில் தீ எச்சரிக்கை பேனல் இருந்தால் அதன் ரிலேயையும் அதே கம்பியில் தொடராக இணையுங்கள். வேலை முடிந்தபின், கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே அந்த ஸ்விட்ச்சை அழுத்திக் கதவு விடுபடுகிறதா என்று சோதித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.