த்ரோஸ்கி கோட்டையை அழித்தது ஹுஸ்ஸைட்டுகளா?

மதில்மேல்பூனை:
பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) செஸ்கி ராய் பகுதியிலுள்ள த்ரோஸ்கி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பாறை உச்சிகளிலும் தனித்தனிக் கோபுரம் ஏன்? 15ஆம் நூற்றாண்டு ஹுஸ்ஸைட் போரில் (யான் ஹுஸ் எனும் சமயச் சீர்திருத்தவாதியின் வழிவந்தோர் நடத்திய போர்) அழிந்தது என்கிறார்களே, உண்மையா? உயரமான கோபுரத்துக்கு வழியே கிடையாதா?

கருங்கல்:
முதலில் பாறையைப் பாருங்கள். இரண்டுமே எரிமலைக் குழாய்க்குள் இறுகிய பசால்ட் கற்குழம்பு. வயது ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல். சுற்றியிருந்த மென்பாறை அரித்துப்போக, இவை மட்டும் தூணாக நின்றுவிட்டன. பான்னா (கன்னி) சுமார் 57 மீட்டர், பாபா (கிழவி) 47. எந்த உச்சியிலும் ஒரு கோபுரத்துக்கு மேல் கட்ட இடமில்லை. அதனால் குடியிருப்பு, முற்றம் எல்லாம் இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில். அதன் இரு பக்கத்தையும் பாறையே காத்தது; திறந்த பக்கங்களை மதிலால் அடைத்தால் போதும். கொத்தனுக்குப் பாதி வேலை மிச்சம்!

ஏட்டுச்சுவடி:
ஹுஸ்ஸைட் கதையை நம்பாதீர்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்ட்டென்பெர்க் குடும்பத்துச் செனெக் கட்டியது இது. பிறகு நான்காம் வென்செஸ்லாஸ் அரசர் வழியாகப் பெர்கோவ் குடும்பத்து ஓட்டாவிடம் வந்தது. அவர் கத்தோலிக்கர், ஹுஸ்ஸைட்டுகளின் எதிரி. ஆனாலும் அவர்களால் இதைப் பிடிக்க முடியவில்லை. போர் ஓய்ந்த பிறகு, 1430களின் இறுதியில், ஷோஃப் என்பவனின் கொள்ளைக் கூட்டம் உள்ளே புகுந்து பிடித்துக்கொண்டது. இந்த மாதிரிக் கோட்டையின் பலவீனமே அதுதான்: பாறையில் ஏறிவர முடியாது, சரி, காவல் தளர்ந்தால் வாசல் வழியாகவே வந்துவிடலாம்.

மதில்மேல்பூனை:
அப்படியானால் எப்படிப் பாழானது?

ஏட்டுச்சுவடி:
16ஆம் நூற்றாண்டில் நிலமெல்லாம் பக்கத்து ஹ்ரூபா ஸ்காலா எனும் பெரும்பண்ணையோடு சேர்ந்தது. நிர்வாகம் அங்கே போனதும் இங்கே கூரையைக் கவனிக்க ஆளில்லை. முப்பதாண்டுப் போரின் கடைசி ஆண்டான 1648இல் பேரரசுப் படை (ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படை) தீ வைத்தது. மரத் தளமும் கூரையும் போன சுவருக்குள் மழை இறங்கும், உறையும், காரை உதிரும். பீரங்கியைவிட அதிகச் சேதம் இதனால்தான்.

கருங்கல்:
மூன்றாவது கேள்வி விட்டுப்போயிற்றே. ஹ்ரூபா ஸ்காலாவின் உரிமையாளர் ஏரந்தால் 1841இல் பான்னாவுக்குப் படிக்கட்டுப் போடத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் வேலை பாதியில் நின்றது. இன்றும் பார்வையாளர் ஏறிப்போவது பாபா பக்கம்தான். பான்னாவை அங்கிருந்து எதிரே பார்த்துக்கொள்ளலாம்.