ஃபேமிலி ஃபார்ச்சூன்ஸ்: மனதை விட்டுப் போகாத ஒரு பதில்

ஹாரோக்காரன்:
லெஸ் டென்னிஸ் நடத்திய காலத்தில் சனிக்கிழமை இரவு இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இது பிரிட்டிஷ் டிவியில் இரண்டு குடும்பங்கள் மோதும் விளையாட்டு, ஒரு கேள்விக்கு மக்கள் அதிகம் சொன்ன பதில்களை ஊகிக்க வேண்டும். எங்கள் பொங்கல் விழாவில் அதே விளையாட்டை புரொஜெக்டரில் நடத்தினார்கள். 'ஃபிரிட்ஜில் எப்போதும் இருப்பது எது?' என்று கேள்வி. அம்மா தயங்காமல் "இன்சுலின்" என்றார். தவறு என்று 'உ-ஊ' சத்தம், திரை நிறைய சிவப்புப் பெருக்கல் குறி, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அம்மா மைக்கை விடவில்லை. "எங்கட வீட்டில இருக்குதே" என்றார். அதற்குள் நடத்தியவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
நடத்தியவர் செய்தது சரிதான், தம்பி. இதில் சரியான விடை என்று ஒன்றும் இல்லை. 100 பேரிடம் கேட்டதில் எத்தனை பேர் அதைச் சொன்னார்கள் என்பதுதான் கணக்கு. டிவியில் ஒருத்தர் இறுதிச் சுற்றில் மூன்று கேள்விக்குத் தொடர்ந்து வான்கோழி என்றாரே, கடற்கரைக்குக் கொண்டு போவது என்ன என்றதற்குக்கூட! லெஸ் டென்னிஸ் முகம் இன்னும் நினைவிருக்கு.

லெஸ்டர் வாணி:
அது மாக்ஸ் பைகிரேவ்ஸ் நடத்திய காலம், அண்ணை. லெஸ் டென்னிஸ் வந்ததே 1987இல்தான். மூன்றாவது கேள்வி உள்ளே அடைத்துச் சமைக்கும் உணவு பற்றியது, அதற்கு மட்டும் புள்ளி விழுந்தது.
என் கதை சின்னது. வீட்டில் விளையாடினோம், இறுதிச் சுற்று. அதில் இருவர் ஒருவர் பின் ஒருவராக அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னோடு ஆடியவர் பதில் சொல்லும்வரை நான் நடைபாதையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். காலையில் முதல் வேலை? "டீ" என்றேன். அவரும் அதையே சொல்லியிருக்கிறார்! வேறு பதில் சொல்ல வேண்டும். பல் துலக்குவதுகூட வாயில் வரவில்லை, நேரம் போய்விட்டது. இரவில் படுத்தால் இப்பவும் அந்தக் கேள்வி வருது.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
சரி, பைகிரேவ்ஸ்தான். ஆனால் டிவிக்குப் போக நினைப்பவர்கள் கேளுங்கோ. குழுவில் அதிகம் படித்தவரைத் தலைவராக்காதீர்கள், அவர் யோசித்துக்கொண்டே நிற்பார். எதிரணி மூன்று தவறு விட்டால் முறை உங்களுக்கு வரும், ஆனால் ஒரே ஒரு பதில்தான், அதனால் அவர்கள் விளையாடும்போதே கூடிப் பேசி வையுங்கள். இறுதிச் சுற்றில் இருவரும் சேர்ந்து 200 புள்ளி எடுக்க வேண்டும். முதல் ஆளுக்கு 15 வினாடி, அடுத்தவருக்கு 20. வேகமாக வாயைத் திறப்பவரை முதலில் அனுப்புங்கள்.

ஹாரோக்காரன்:
டிவிக்கு யார் போகிறார்கள், அண்ணை? அப்புறம், எங்கள் விழாவுக்கு 100 பேரை ஒருவரும் கேட்கவில்லை. கமிட்டியில் ஏழெட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் போட்ட பதில்கள்தான் அவை.