மறு: பிளக்கில் ஸ்பார்க் வராத பழுது: பொறியிழப்பா, தீப்பொறி வராமையா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளில் இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. சைக்கிளில் பூட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிளக்குக்கு ஸ்பார்க் வராமல் போகும் பழுதுக்கு ஒரு பெயர் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிற பழுது பார்க்கும் தாளில் அதுதான் முதல் தலைப்பு. முதல் வரைவில், பொறி என்றால் ஸ்பார்க் என்ற பொருளில், 'பொறியிழப்பு' என்று போட்டிருந்தேன். அதை ஏன் கைவிட்டேன் என்று சொல்லாமல் விட்டதால்தான் பேச்சு இவ்வளவு நீண்டுவிட்டது.

வகுப்பில் ஒரு பையனிடம் அந்தத் தாளைக் கொடுத்து, ஓடாமல் நின்ற வண்டியைக் காட்டினேன். 'பொறியிழப்பு' என்று படித்தவன் நேராக ஸ்பேனரை எடுத்து சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான். கேட்டால், "பொறின்னா எஞ்சின்தானே சார், பொறியியல்னு சொல்றோமே" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. உண்மையான கோளாறு கைப்பிடிப் பக்கம் இருந்தது. கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் பொத்தான்) கம்பியின் மேலுறை உரிந்து, செம்பு இரும்பில் தொட்டு, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தை வழியிலேயே இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியைப் பிரித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி வைத்து, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினோம், நீலமாகப் பொறி பறந்தது. சில நிமிட வேலைதான், ஆனால் அதற்குள் ஒரு கேஸ்கெட் வீணாகிவிட்டது.

> பொறிக்குப் பல பொருள் உண்டு, இடம் பார்த்துக் கொள்ள வேண்டியதுதானே?

உண்டு ஐயா. 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்றால் கண், காது போன்ற புலனுறுப்பு. 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்ற இடத்தில் பரிமேலழகர் விதி என்று எழுதுகிறார். சிலம்பில் மதுரை மதிலில் இருந்த 'வளைவிற் பொறி' இயந்திரம், அப்புறம் புலிப்பொறி முத்திரை, எலிப்பொறி வேறு. ஆனால் குறள் படிக்கிறவருக்குப் பக்கத்தில் உரை இருக்கிறது. எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தாளில் உள்ள அந்த ஒரு சொல்தான் துணை. அதுவும் எஞ்சினைப் பற்றிய தாளிலேயே எஞ்சினுக்கும் ஸ்பார்க்குக்கும் ஒரே சொல் என்றால் இடம் பார்த்தும் பிரிக்க முடியாது. 'மின்பொறி'யும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன், மின்சார இயந்திரம் என்றே படிப்பார்கள்.

> புறநானூறு 315இல் 'ஞெலிகோல்' இருக்கிறது. 'ஞெலிப்பு' என்றால் இக்னிஷன் (எரிபொருளைப் பற்றவைப்பது), 'ஞெலிப்பறவு' என்றால் இந்தப் பழுது.

அம்மா, இதைப் படித்த இரவு அந்தப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கூரையின் ஓரத்தில் செருகிய தீக்கடைகோல் போல அதியமான் தோன்றாமலும் இருப்பான், அது கக்கும் தீயைப் போலத் தோன்றவும் செய்வான் என்கிறார் ஔவையார். ஓடாத எஞ்சினுக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. ஆனால் ஞெலிதல் தேய்த்துத் தீ உண்டாக்குவது. பிளக்கில் எதுவும் தேய்வதில்லை, 0.6 மி.மீ. அளவுள்ள இடைவெளியை ஆயிரக்கணக்கான வோல்ட் தாண்டிக் குதிக்கிறது. இன்னொன்று, பிளாஸ்டிக்குக்கு நாம் கொடுத்த 'ஞெகிழி'யே மக்கள் வாயில் 'நெகிழி' ஆகிவிட்டது (பழைய ஞெகிழிக்குக் கொள்ளிக்கட்டை என்றும் பொருள், அது தனி இழையில் பேச வேண்டியது). ஞெலிப்பும் அப்படித்தான் ஆகும்.

> எங்கள் பக்கம் 'எரிபற்றல்' போதும்.

யாழ்ப்பாண நண்பருக்கு: இக்னிஷனுக்கு எரிபற்றல் நல்ல சொல், தாளில் வேறு இடத்தில் எடுத்துக்கொண்டேன். உங்கள் 'அகத்தகன எஞ்சின்' இங்கே செல்லாது, தமிழ்நாட்டில் தகனம் என்றால் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் எரிபற்றாமல் போவதும் ஸ்பார்க் வராததும் ஒன்றல்ல. பெட்ரோல் வராவிட்டாலும் எரிபற்றாது, பிளக் பெட்ரோலில் நனைந்து மூழ்கினாலும் பற்றாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தத் தாளே.

> 'அவி' என்ற வேர் இருக்க, 'பொறியவிவு' என்று சொல்லலாமே?

அவிவதற்கு முதலில் ஒரு தீ நின்று எரிய வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு பொறி, நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50. ஒவ்வொன்றும் புதிதாகப் பிறக்கிறது. பழுதானால் அடுத்தது வருவதில்லை. அதனால்தான் 'வராமை' என்கிறேன். இடையிடையே விட்டுவிட்டு வந்தால் 'தவறல்' என்று அடுத்த தலைப்பு.

'கரண்ட் வரலை' என்ற பட்டறைச் சொல்லையே வைக்கச் சொன்னவர்கள் மூன்று பேர். எனக்கும் அந்தச் சொல் மேல் மரியாதை உண்டு. ஆனால் மேக்னெட் காயிலில் வரவில்லையா, ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைச் சேர்த்து விடும் சிடிஐ பெட்டியிலா, பிளக் முனையிலா என்று அது சொல்லாது. பட்டறைச் சொல் எப்போதும் பொருளைக் காட்டும் என்றும் இல்லை, பழைய மொபெட்டில் நாம் 'பிளாட்டினம்' என்று சொல்லி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டி விடும் தொடுமுனை) பெரும்பாலும் டங்ஸ்டன்தான்.

எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர் 'தீப்பொறி வராமை' பக்கம். 'தீப்பொறியில் தீயே இல்லை, அது மின்பாய்ச்சல்' என்ற மறுப்பு சரியானதுதான். இருந்தாலும் தீப்பொறி என்றதும் பையன் பிளக்கைத்தான் பார்ப்பான், அதனால் அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். அம்மா இன்னும் ஞெலிப்பை விடவில்லை, மறுபதிப்பு வரும்போது மறுபடி பேசலாம்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. கில் சுவிட்ச் கம்பி 'எர்த்' ஆகிவிட்டது என்பதை எப்படி எழுதுவது? 'புவித்தொடர்பு' என்று ஒருவர் தந்தார். ஆனால் ரப்பர் டயரில் நிற்கிற சைக்கிளுக்குப் புவியோடு தொடர்பே கிடையாது, அது தொடுவது வண்டியின் சட்டத்தை. 'சட்டந்தொடல்' என்று எழுதி வைத்திருக்கிறேன், சட்டம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருமோ என்று பயமாக இருக்கிறது. வியாழன் மாலைக்குள் யாராவது சொல்லுங்கள்.