தவளை, தவிடு, கங்கோங்: எங்கள் ஊருக்கு வந்த அரசியல் சொற்கள்

நகல் கடைக்காரர், சுங்கை சிப்புட்

அரசியல் வலைப்பதிவர்கள் உருவாக்கிய கேலிச் சொற்களை முதன்முதலில் எங்கே கண்டீர்கள் என்று இங்கே உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அவை காதில் விழுவதற்கு முன்பே தாளில் வந்துவிட்டன. மலேசியாவின் 2008 பொதுத்தேர்தல் சமயத்தில் நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டேட் கடை நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இணையம் கிடையாது. ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பு பட்டணத்து வீடுகள் சிலவற்றில்தான் இருந்தது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, ராஜா பெத்ரா கமாருடினின் ‘மலேசியா டுடே’ போன்ற தளங்களில் வந்த பதிவுகளை அச்செடுத்துக் கொண்டுவந்து, பக்கத்துக்குப் பத்து காசு கொடுத்துக் கட்டுக்கட்டாக நகலெடுத்துச் செல்வார்கள்.

அந்தப் பதிவுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ நீளமாக இருக்கும். தாளின் ஓரத்தில் மட்டும் பேனாவால் தமிழில் ஒரு சொல்லோ பட்டப்பெயரோ எழுதியிருக்கும். கட்டுரை படித்தவர்கள் கையோடு நின்றுவிடும். ஓரத்தில் எழுதிய சொல்தான் லயத்துக்குப் போய்ச் சேரும். சில நாள் கழித்து அதே சொல்லை, கணினியைத் தொட்டே பார்த்திராத பெரியவர் ஒருவர் சாப்பாட்டுக் கடையில் சொல்லிச் சிரிப்பதைக் கேட்பேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். பெரிய மனிதர்களின் பெயரை உரக்கச் சொல்லிக் குறை கூறும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணி காதுக்குப் போகும், மானேஜர் காதுக்குப் போகும், கட்சிக் கிளைத் தலைவர் காதுக்குப் போகும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக ஊறியிருந்தது. பெயரைச் சொல்லாமலே ஆளையும் அவர் செய்த காரியத்தையும் சுட்டிக்காட்ட ஒரு சொல் கிடைத்ததும் அந்த அச்சம் தளர்ந்தது. எங்கள் தொகுதியில் 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, ஆளும் தேசிய முன்னணியின் ச. சாமிவேலு அந்தத் தேர்தலில் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். கேலிச் சொற்களால்தான் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். இந்தியர் உரிமைக்காக 2007 நவம்பர் 25-இல் நடந்த இண்ட்ராஃப் பேரணியும், அதற்குப் பின்னால் இருந்த பல ஆண்டுக் குமுறலும்தான் காரணம். ஆனாலும் இணையப் போரில் தோற்றுவிட்டோம் என்று அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவியே தேர்தலுக்குப் பின் ஒப்புக்கொண்டார் என்பதை மறந்துவிடக் கூடாது.

சொல் குறுகியதாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்திக்கு ரோமன் எழுத்தில் 160 எழுத்துகள்தான் இடம்; தமிழ் எழுத்தில் அனுப்பினால் 70 மட்டுமே. ஒவ்வொரு செய்திக்கும் காசு. ஆகவே நம் பிள்ளைகள் மலாய்ச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றிலும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். எங்கள் ஊர் அரசியல் பேச்சில் மலாய்க் கேலிச் சொற்கள் அவ்வளவு எளிதாகக் கலந்ததற்கு இதுவும் வழி செய்தது என்பது என் கணிப்பு.

நான் கண்ட சொற்களில் மலாயில் ‘காத்தாக்’ எனப்படும் தவளையைப் போல் ஆழமாக வேரூன்றியது வேறொன்றுமில்லை. 2008-இல் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31 இடங்களை எதிர்க்கட்சிகள் வென்று ஆட்சி அமைத்தன. 2009 பிப்ரவரியில் அவர்களில் மூவர் விலகிக்கொள்ள, தேசிய முன்னணி மறுபடியும் ஆட்சிக்கு வந்தது. அந்த வாரமே தவளைப் படங்கள் என் கடைக்கு வரத் தொடங்கின. பதிவர்கள் மூவரையும் தவளை என்றார்கள். கட்சி மாறுவதைத் ‘தாவுதல்’ என்பது தமிழில் ஏற்கெனவே இருந்த வழக்கு என்பதால், அந்தச் சொல்லை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்துப் பெரியவர்களுக்கு அதில் இன்னொரு கசப்பும் இருந்தது. மழை பெய்து தவளை கத்தினால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. எங்கள் ஓட்டு எங்கே போயிற்று என்று கேட்ட ஓர் அம்மாவிடம் பக்கத்தில் நின்றவர், “தவளை கத்திடுச்சு, இன்னைக்கு வேலை இல்லை” என்று சொன்னதை நானே கேட்டேன். எந்தப் பதிவரும் எழுதாத பொருள் அது. சொல் எங்கள் ஊருக்கு வந்த பிறகு எங்கள் ஊர் அதில் சேர்த்தது.

அதே ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி, சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழையவிடாமல் தடுக்கப்பட்டபோது, சபாநாயகர் வி. சிவகுமார் ஈப்போவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழே அவையைக் கூட்டினார். சில நாட்களில் அது ‘ஜனநாயக மரம்’ ஆகிவிட்டது. அந்தப் பெயரில் கேலியும் இருந்தது, மரியாதையும் இருந்தது. 2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, என் கடைக்கு வந்தவர்கள் யாரும் அதன் முழுப் பெயரைச் சொல்லவில்லை. தவளைச் சட்டம் என்றே சொன்னார்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அதே வட்டாரம்

கடைக்கார அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. அம்மா பல ஆண்டுகளாகப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கீரை விற்றவர். 2014 ஜனவரியில், விலை ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுகிறீர்கள், கங்கோங் கீரை விலை இறங்கினால் ஏன் பாராட்டுவதில்லை என்ற பொருளில் அப்போதைய பிரதமர் நஜிப் பேசினார். ஓரிரு நாளில் இணையம் முழுவதும் கங்கோங் பாட்டும் படமுமாக நிறைந்தது. பிபிசி வரைக்கும் அந்தச் செய்தி போயிற்று. அந்த வாரம் அம்மாவிடம் வந்த மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கீரைக்கட்டைக் கையில் எடுத்ததுமே சிரித்தார்கள். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லிப் புரியவைத்ததும், கீரை விலை இறங்கினால் அதை விற்பவருக்கு அது நட்டமென்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டார். இணையத்தில் நான் படித்த அத்தனை கேலியிலும் இந்தக் கேள்வி இல்லை.

‘டெடாக்’ என்ற சொல் 2016 வாக்கில் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்பவர்களைக் குறிக்க முன்னாள் பிரதமர் மகாதீர் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். பதவியை விட்டபின் 2008-இல் ‘செடெட்’ என்ற பெயரில் பதிவு எழுதத் தொடங்கிய அவரும் அரசியல் பதிவர்தானே. டெடாக் என்றால் கோழிக்கும் மாட்டுக்கும் போடும் தவிடு. எங்கள் ஆசிரியர் அறையில் மலாய் ஆசிரியர்கள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தபோது, தமிழாசிரியர் ஒருவர் உடனே ‘தவிடுதின்னி’ என்று சொன்னார். மாலைக்குள் பெற்றோர் சிலரும் அதைச் சொல்லக் கேட்டேன். இத்தகைய சொற்களை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். தவளையும் தவிடும் ஒருவர் செய்த காரியத்தைக் குத்துகின்றன. அந்தக் காரியத்தைச் செய்யாதவர் மேல் அவை ஒட்டுவதில்லை.

எல்லாச் சொற்களும் அப்படி அல்ல என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 2009-இல் பேராக்கின் மந்திரி புசாராக (மாநில முதல்வராக) பொறுப்பேற்றவரின் தோல் நிறத்தை, கார் சாயத்தின் பெயரைச் சேர்த்து ‘ஹீத்தாம் மெட்டாலிக்’ (மெட்டாலிக் கறுப்பு) என்று கேலி செய்தார்கள். அவருடைய ஆட்சி வந்த விதத்தை எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. மேடையில் அதைச் சொன்ன அரசியல்வாதி பின்னர் மன்னிப்புக் கேட்டார். சொல் மட்டும் அடங்கவில்லை. என் வகுப்பில் ஒரு மாணவன், தன்னைவிடச் சற்றுக் கறுத்த இன்னொரு மாணவனை அதே சொல்லால் அழைத்தான். இரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள், ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, அண்ணனின் கைப்பேசியில் பார்த்தேன் என்றான். அவனுக்கு மந்திரி புசார் யார் என்றே தெரியவில்லை. அரசியல் உதிர்ந்துபோய், நிறத்தின் மேல் விழுந்த அடி மட்டும் அந்தப் பிள்ளை வரைக்கும் வந்திருந்தது.

எல்பில் தோட்டத்துப் பையன், இப்போது கிள்ளானில்

டீச்சர் சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். நான் சமூக ஊடகங்களுக்குப் படம் வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன். தேர்தல் காலங்களில் பல கட்சிகளின் வேலையும் எங்கள் மேசைக்கு வரும். ஒரு சொல்லைப் பரப்பவேண்டுமானால், அதை ஒரே இடத்தில் பெரிதாக வெளியிடமாட்டார்கள். ஒரே இரவில் சிறிய கணக்குகள் பலவற்றில் வெவ்வேறு சொற்களை விதைப்பார்கள். எந்தச் சொல்லைச் சம்பந்தமில்லாதவர்கள் எடுத்துத் தங்கள் விருப்பப்படி திரித்து எழுதத் தொடங்குகிறார்களோ, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவார்கள். பெரும்பாலான சொற்கள் விடிவதற்குள் மறைந்துவிடும்.

மேலிருந்து வந்து நிலைத்த சொல்லுக்கு ‘போஸ்கு’, அதாவது ‘என் முதலாளி’, நல்ல எடுத்துக்காட்டு. ஆட்சியை இழந்து வழக்குகளைச் சந்தித்துக்கொண்டிருந்த நஜிப், 2019 தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளில் அமர்ந்த படத்தோடு, “இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, என் போஸ்” என்ற வாசகத்தைப் பரப்பினார். மாமாக் கடையில் தேநீர் கொண்டுவருபவரும் வாங்கிக் குடிப்பவரும் ஒருவரையொருவர் போஸ் என்று அழைப்பது நம் நாட்டில் அன்றாட வழக்கம். அந்த நெருக்கத்தை எடுத்து, கேட்கவேண்டிய கேள்வியின் மேல் போர்த்தினார்கள். தொழில் முறையில் அது மிகத் திறமையான வேலை. ஆனால் தவளை என்ற சொல் ஒரு செயலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, போஸ்கு என்ற சொல் ஒரு செயலை மறைத்தது. என் கண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிது. 2020-இல், மக்கள் தேர்ந்தெடுக்காத கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது ‘பின்கதவு’, ‘கூரையைத் துளைத்த அரசாங்கம்’ என்று எழுந்த சொற்களை நான் தவளையின் வரிசையில்தான் வைப்பேன்.

அண்மைக் காலமாக என்னை வருத்துவது வேறு. நம் தமிழ்க் குழுக்களில் இப்போது தமிழ்நாட்டுச் சொற்கள் அப்படியே இறங்குகின்றன. கலைஞர் முரசொலியில் எழுதிய கடிதங்களின் ‘உடன்பிறப்பே’ அங்கே திமுகவினரைக் குறிக்கும் ‘உபி’ என்று சுருங்கியது. காசு வாங்கிப் பதிவிடுபவர் என்ற குற்றச்சாட்டோடு ‘இருநூறு ரூபாய்’ அதற்கு முன்னால் சேர்ந்தது. எதிர்ப்பக்கத்தில், இந்துத்துவ ஆதரவாளரைக் குறிக்கும் ‘சங்கி’ நிற்கிறது. அந்தச் சண்டை அந்த மண்ணில் பொருளுள்ளது, அவர்களுக்கு அது தெரியும். சுங்கை சிப்புட்டில் அது யார்மேல் விழுகிறது? எங்கள் தோட்டத்துக் கோயில் பொறுப்பாளர் ஒருவர், ஓய்வுபெற்ற எண்ணெய்ப்பனைப் பழம் வெட்டுத் தொழிலாளி, கோயில் நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு கொடுக்கப்போவதாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். இளைஞன் ஒருவன் உடனே அவரைச் சங்கி என்றான். இன்னும் சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். அவர் வாழ்நாளில் இந்தியாவுக்குப் போனதில்லை; அங்குள்ள எந்தக் கட்சியோடும் தொடர்பில்லாதவர். மகனிடம் பொருள் கேட்டிருக்கிறார், மகன் சொல்லத் தயங்கியிருக்கிறான். அடுத்த நாள் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். நான் அந்த இளைஞனை அழைத்துப் பேசினேன். சொல் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. கோயில் மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்கும் வேலையை இப்போது அவனும் நானும் சேர்ந்து செய்கிறோம். அதற்கான படிவங்களை நகலெடுத்துக் கொடுக்க அண்ணன் ஒப்புக்கொண்டால், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன்.